நடந்ததே குற்றம்



தெருவில் நடப்பது ஓர் உரிமை என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1924இல் வைக்கத்தில் போராடியது கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் நடப்பதற்காகத்தான். அங்கே தடை வெளிப்படையாக இருந்தது. இன்று நான் பேச வந்தது, எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்டுச் சிலர்மீது மட்டும் பாயும் சட்டத்தைப் பற்றி.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஃபெர்குசன் என்றொரு சிறு நகரம். 2014 ஆகஸ்ட் 9 அன்று மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞர் நண்பரோடு நடுத்தெருவில் நடந்து போனார். நடைபாதையில் போகச் சொன்னார் வண்டியில் வந்த போலீஸ்காரர். அடுத்த சில நிமிடங்களில் பிரவுன் சுடப்பட்டு இறந்தார்.

சுட்டவர்மீது வழக்குத் தொடர ஆதாரம் போதாது என்றது அமெரிக்க அரசின் நீதித்துறை. ஆனால் அதே துறை 2015 மார்ச்சில் அந்நகரக் காவல்துறை பற்றித் தனி அறிக்கை ஒன்றும் வெளியிட்டது. ‘சாலையில் நடந்த விதம்’ என்றே அங்கு அப்போது ஒரு குற்றம் இருந்தது. நகர மக்களில் கறுப்பர் அப்போது 67 விழுக்காடு. அந்தக் குற்றம் சுமத்தப்பட்டவர்களில் அவர்கள் 95 விழுக்காடு. அபராதம் நகராட்சிக்கு வருமானம். வசூலைக் கூட்டச் சொல்லி அதிகாரிகள் போலீசை நெருக்கியதையும் அறிக்கை பதிவு செய்தது.

சட்டத்தின் வாசகத்தில் நிறம் இல்லை. ஆனால் தெருவில் இறங்கி நடக்காதவர் யார்? எல்லோரும் மீறும் சட்டத்தில் யாரைப் பிடிப்பது என்பதைப் போலீஸ்காரரின் கண்தான் முடிவு செய்கிறது. அங்கே அந்தக் கண் நிறத்தைப் பார்த்தது. நம் ஊரில் “எந்தத் தெருடா?” என்று கேட்கும்.

ஆகவே போலீசுக்குப் பண்பு சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது. அவர் கையிலுள்ள சாக்கையும் பறிக்க வேண்டும். கலிஃபோர்னியா மாநிலம் அதைத்தான் செய்தது. 2023 ஜனவரி 1 முதல், வண்டி மோதும் உடனடி ஆபத்து இருந்தாலொழிய, சாலையைக் குறுக்கே கடந்தார் என்று அங்கே ஒருவரை நிறுத்த முடியாது.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அந்த 95 என்ற எண் காவல்துறையின் சொந்தப் பதிவேடுகளிலிருந்து எடுக்கப்பட்டது. இங்கே பெட்டி கேஸ்களுக்கும் பதிவேடு இருக்கிறது. உங்கள் காவல் நிலையத்தில் ஓராண்டில் எத்தனை பெட்டி கேஸ், எந்தப் பிரிவில், எந்தப் பகுதியில் என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். வந்த பதிலை அடுத்த கூட்டத்தில் இந்த மேடையில் படியுங்கள்.

ஜெய் பீம்.