லாரி இன்ஜின்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

 

நம் சித்தூர், மாம்பழத்துக்குப் பேர் போனது. மே, ஜூன், ஜூலை மாதங்களில் எந்தச் சாலையில் பார்த்தாலும் மாங்காய் லாரிதான். கிளிமூக்கு மாங்காய் தோப்பிலிருந்து கூழ் ஆலைக்குப் போகிறது. ஆலையில் செய்த கூழ் சென்னைத் துறைமுகத்துக்குப் போகிறது. லாரி வைத்திருப்பவருக்கு அந்த மாதங்களின் வாடகை பெரிய வருமானம். அந்த நேரத்தில் லாரி படுத்துவிட்டால் என்ன ஆகும்?

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். கணவர் சொந்த லாரி ஓட்டுகிறார். லாரிக்கு மாதத் தவணை இன்னும் முடியவில்லை. மனைவி இரவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். லாரிக் கணக்கை அவர்தான் நோட்டில் எழுதுகிறார்.

மார்ச் மாதம் ஒரு நாள். பலமநேருக்குப் பாரம் ஏற்றிப் போன லாரி, மொகிலி கணவாயில் திணறியது. இழுவை இல்லை. பின்னால் நீலப் புகை. காலையில் ஸ்டார்ட் ஆகவும் நேரம் பிடித்தது. ஆயிலும் குறைந்துகொண்டே வந்தது.

ஏன் இப்படி? டீசல் இன்ஜினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. ருடால்ப் டீசல் என்ற ஜெர்மன் பொறியாளர் 1897ல் ஓட்டிக் காட்டிய இன்ஜின் இது. பிஸ்டன் மேலே வந்து காற்றை இறுக்கி அழுத்துகிறது. அழுத்திய காற்று கொதிக்கிறது. அந்தச் சூட்டிலேயே டீசல் எரிகிறது. பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டால் காற்று கசிந்து போகும். அழுத்தம் குறையும். இழுவையும் குறையும். கீழே இருக்கும் ஆயில் மேலே ஏறி எரியும். அதுதான் நீலப் புகை.

புகை வந்த உடனே இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. புகையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்புப் புகை என்றால் ஏர் பில்டர் அடைத்திருக்கலாம். நாசில் கெட்டிருக்கலாம். இவை சிறிய செலவு. ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். நீலப் புகை நிற்காமல் வந்தால், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால், இன்ஜின் வேலை வந்துவிட்டது என்று பொருள். அப்போதும் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தக் கணவருக்கு ஒரு தரகர் வழி சொன்னார். "சென்னையில் பழைய இன்ஜின் கிடைக்கும். இரண்டே நாளில் மாட்டிவிடலாம். சீசனுக்கு லாரி தயார்" என்றார். கணவருக்கு ஆசை வந்துவிட்டது.

"ஏங்க, அந்த இன்ஜின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது? உள்ளே யார் திறந்து பார்த்தார்கள்? அதற்குப் பில் தருவார்களா?" என்று மனைவி கேட்டார்.

மூன்று கேள்விக்கும் தரகரிடம் பதில் இல்லை.

பிறகு மனைவி நோட்டைப் பிரித்தார். முன்பு லாரி ஒரு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடியது. இப்போது மூன்றரைதான். மாதம் 2,800 கிலோமீட்டர் ஓட்டம். முன்பு 700 லிட்டர் போதும். இப்போது 800 லிட்டர் வேண்டும். 100 லிட்டர் வீண். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 10,000 ரூபாய் புகையாகப் போகிறது.

மெக்கானிக் முழு வேலைக்கு 1,50,000 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமாகும் டீசலிலேயே 15 மாதத்தில் அந்தப் பணம் திரும்பும். புது இன்ஜின் 4,00,000 ரூபாய் என்றால் 40 மாதம் ஆகும். லாரியின் சட்டமும் கியர் பாக்ஸும் அத்தனை காலம் தாங்குமா? எட்டு ஆண்டுக்கு மேற்பட்ட லாரிக்கு ஆண்டுதோறும் எப்.சி. வாங்க வேண்டும். அதில் தேறுமா? இதையும் யோசிக்க வேண்டும். லாரியின் ஆயுளுக்கு மேல் இன்ஜினுக்குச் செலவு செய்யக் கூடாது.

இன்ஜினைப் பிரித்தார்கள். கிராங்க் ஷாப்டைத் திருப்பதியில் உள்ள லேத் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மைக்ரோமீட்டர் வைத்து அளந்தார்கள். கிராங்க்கை கால் மில்லிமீட்டர் கணக்கில் சில தடவைதான் கிரைண்டிங் செய்யலாம். ஒவ்வொரு தடவையும் அதற்கேற்ற தடித்த பேரிங் போட வேண்டும். இந்தக் கிராங்க் முன்பு ஒரு தடவைதான் கிரைண்டிங் ஆகியிருந்தது. விரிசல் இல்லை. பிளாக்கிலும் விரிசல் இல்லை. அதனால் பழுது பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். கிராங்க் கடைசி அளவைத் தாண்டியிருந்தால், பிளாக் வெடித்திருந்தால், மாற்றுவதே சரியாக இருந்திருக்கும்.

லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பில் வாங்கினார்கள். கழற்றிய பழைய சாமான்களையும் கேட்டு வாங்கினார்கள். தொடக்கத்தில் முழுப் பாரம் ஏற்றவில்லை. வேகமாக ஓட்டவில்லை. மெக்கானிக் சொன்ன கிலோமீட்டரில் ஆயில் மாற்றினார்கள். மே மாதம் முதல் மாங்காய் லோடு ஏறியது. மொகிலி கணவாயில் லாரி நீலப் புகை இல்லாமல் ஏறியது.

இன்ஜினை மாற்றத்தான் வேண்டும் என்றால் ஒன்றை மறக்காதீர்கள். இன்ஜின் நம்பர் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, இன்ஜின் மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். பில் இல்லாத இன்ஜின் திருட்டு இன்ஜினாகவும் இருக்கலாம். நம்பர் மாறியிருந்தால் விபத்து நேரத்தில் இழப்பீடு கிடைப்பது சிக்கலாகும்.

தோழர்களே! லாரிக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை லிட்டர் டீசல், எவ்வளவு ஆயில் என்று தினமும் எழுதுங்கள். ஐந்து நிமிட வேலைதான். இன்ஜின் தேய்வதை அந்த நோட்டே முதலில் சொல்லும். யாராவது அவசரப்படுத்தினால், அளவு என்ன, பில் எங்கே என்று கேளுங்கள். உங்கள் கையில் எழுத்து இருக்கிறது. கணக்கும் இருக்கிறது. இனி ஏமாற வேண்டியதில்லை.