அப்புத்தளைக் காற்றும் மகனீசியத்தின் சமவலுநிறையும்



வாலிபர் சங்க மேடையில் இரசாயனக் கணக்கா என்று சிலர் புன்முறுவல் செய்வது தெரிகிறது. தமிழுக்கு இச்சாத்திரம் புதிதன்று. மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த மிசன் வைத்தியர் கிறீன் அவர்களின் முயற்சியால் 1875 இலேயே ‘கெமிஸ்தம்’ என்ற நூல் தமிழில் வெளிவந்தது. இன்று மோல் கணக்கு முன்னே வந்து சமவலுநிறையைப் பின்தள்ளிவிட்டது. ஆயினும் ஊவா மாணவருக்கு அதில் ஒரு விசேடம் உண்டு.

அமிலத்திலிருந்து 1.008 கிராம் ஐதரசனை வெளியேற்றும் உலோகத்தின் நிறையே அவ்வுலோகத்தின் சமவலுநிறை. அந்த ஐதரசன் 0 பாகை வெப்பநிலையிலும் 760 மில்லிமீற்றர் அமுக்கத்திலும் ஏறக்குறைய 11.2 இலீற்றர் இடங்கொள்ளும். 0.04 கிராம் மகனீசிய நாடாவை ஐதரோக்குளோரிக்கமிலத்தில் இட்டு, வாயுவை நீரின் மேல் அளவியில் சேர்ப்போம். நுண்ணிய தராசு இல்லையே என்று கவலை வேண்டாம். ஒரு மீற்றர் நாடாவை நிறுத்து, கணக்கிட்ட நீளத்தை வெட்டினாற் போதும்.

மொனராகலை தாழ்ந்த நிலம். அமுக்கம் 747, வெப்பநிலை 28 பாகை என்று கொண்டால் அளவியில் 43 கன சென்ரிமீற்றர் வாயு சேரும். ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையில், அமுக்கம் 640, வெப்பநிலை 20 பாகை எனில், அதே நாடாவுக்கு 48.3 சேரும்! உலோகம் மாறவில்லை, மேலே அழுத்தும் காற்றுத்தான் குறைந்தது.

புத்தகத்திலுள்ள 760 ஐ அப்படியே எடுத்துக் கணக்கிடும் அப்புத்தளை மாணவனுக்கு 10.2 என்றே விடை வரும். புத்தகமோ 12.15 என்கிறது. அவன் என்ன செய்வான்? தன் கைதான் பிழைத்ததென்று எண்ணி, அளவியின் வாசிப்பை அழித்து, விடைக்கு இசைய வேறோர் எண்ணை எழுதுவான். உண்மையைக் கண்ட கையே பொய்யை எழுதுகிறது. எமக்கு மனவருத்தந் தருவது இதுவே. 640 இலிருந்து 20 பாகைக்குரிய நீராவியமுக்கம் 17.5 ஐக் கழித்து, 622.5 ஐக் கொண்டு கணக்கிடட்டும், 48.3 ஆனது 36.9 ஆகச் சுருங்கும், விடை 12.15 ஆகும்.

வானொலி வானிலை அறிக்கையில் வரும் அமுக்கத்தை எடுக்கலாமோ? கூடாது. அது கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்படுவது. பாரமானி இல்லாத பாடசாலையில் வெப்பமானி இருக்குமே! தூய நீரைக் கொதிக்க வைத்து ஆவியின் வெப்பநிலையைப் பாருங்கள். 95 பாகையில் கொதித்தால் அமுக்கம் 634 அளவில் உள்ளது. அரைப் பாகை தவறினாலும் பன்னிரண்டு மில்லிமீற்றர் தவறும். ஆகவே வெப்பமானியையும் சோதித்துக்கொள்ளல் நன்று. மலையில் பருப்பு வேகத் தாமதிப்பதை அறிந்த நம் தாய்மாருக்கு இக்கணக்கின் பாதி முன்னமே தெரியும்.

சமவலுநிறை மட்டும் அணுநிறையைத் தராது. வலுவளவால் அதனைப் பெருக்கவேண்டும். 1819 இல் தூலோன், பெற்றி என்போர் கண்ட விதிப்படி, 6.4 ஐத் தன்வெப்பத்தால் வகுத்தால் அணுநிறை அண்ணளவாக வரும். மகனீசியத்தின் தன்வெப்பம் 0.25, ஆகவே 25.6. அது 12.15 இன் ஏறத்தாழ இருமடங்கு. எனவே வலுவளவு 2, அணுநிறை 24.3. இந்தியம் என்னும் உலோகத்தின் சமவலுநிறை 38 அளவினது. வலுவளவு இரண்டென்று கொண்டு அணுநிறை 76 என்றனர். மூன்றே பொருந்தும் என்றார் மெண்டலீவ். 1870ஆம் ஆண்டளவில் பன்சன் அதன் தன்வெப்பத்தை அளந்தார், 0.057 வந்தது. வகுத்துப் பாருங்கள்.