முதல் 12 வாரங்கள்

கருவுற்றது உறுதியான பெண்களில் 100-க்கு 10 முதல் 20 பேருக்குக் கரு கலைகிறது என்றும், இவ்விழப்புகளில் பெரும்பாலானவை முதல் 12 வாரங்களுக்குள்ளேயே நேர்கின்றன என்றும் மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. தொடக்கக்கால இழப்புகளில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், மரபுச் செய்திகளைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள், 46 என இருக்க வேண்டியவை, கரு உருவாகும்போதே கூடியோ குறைந்தோ அமைந்துவிடுவதாகும். ஆகவே, மாடிப்படி ஏறியதையும் பேருந்தில் சென்றதையும் எண்ணிக் கருவை இழந்த பெண் தன்னையே நொந்துகொள்வதற்கோ, வீட்டார் அவளைக் குறைகூறுவதற்கோ (கொடுமையில் இதுவே பெரிது) இடமில்லை. ஏழாம் எட்டாம் வாரத்து ஸ்கேனில் கருவின் இதயத்துடிப்பு தெரிந்துவிட்டால் கலையும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. இலேசான உதிரக்கசிவு கண்ட பல கருப்பங்கள் நல்லபடியே நிலைக்கின்றன என்றாலும், கசிவோடு கடும் வயிற்றுவலியோ மயக்கமோ தோன்றினால், கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருக்கக்கூடும் என்பதால், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.