மிஞ்சின கறியும் நம்ம வயிறும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் சமையல் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. அடுப்பு முன்னால் நின்றுதான் பழக்கம். "தீபாவளி வரப்போகுது, மிஞ்சின கறியை என்ன பண்ணலாம்னு உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. இது ஒரு பேச்சான்னு முதலில் நினைத்தேன். அப்புறம் யோசித்தால், இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. ஏன்னா, மிஞ்சின கறியால் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தவள் நான்.

மூன்று வருடத்துக்கு முந்தின தீபாவளி. இரண்டு கிலோ ஆட்டுக்கறி எடுத்தோம். நாங்கள் ஐந்து பேர். காலையில் இட்லிக்குக் குழம்பு, மத்தியானம் வறுவல், ராத்திரிக்கும் அதேதான். பிள்ளைகள் பட்டாசு வெடிக்கப் போய்விட்டார்கள், நான் அசந்து தூங்கிவிட்டேன். குழம்புச் சட்டி அடுப்பு மேலேயே கிடந்தது. மறுநாள் மத்தியானம் எல்லாருக்கும் ரசம் வைத்தேன். எனக்கு மட்டும் அந்தச் சட்டியை லேசாகச் சூடு காட்டி, ஒரு கரண்டிக் கறியைப் போட்டுச் சாப்பிட்டேன். மோந்து பார்த்தேன், வாடை ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஆரம்பித்தது வாந்தியும் பேதியும். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். செலவு 4,600 ரூபாய். அந்த வாரம் நம் குழு எடுத்திருந்த கல்யாண ஆர்டருக்கு என்னால் வர முடியவில்லை. குழுச் சகோதரிகள்தான் இரண்டு ஆள் வேலையைச் சேர்த்துப் பார்த்தார்கள்.

அந்த ஒரு கரண்டிக் கறி நூறு ரூபாய்கூடப் பெறாது. அதை மிச்சம் பிடிக்கப் போய் நாலாயிரத்து அறுநூறு போச்சு. எந்தக் கணக்கு நோட்டில் இதை எழுதுவது?

அதுக்காகக் கறி மிஞ்சினால் கொட்டிவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. கிலோ 800 ரூபாய்க்கு மேல் விற்கிற கறியைக் கொட்ட யாருக்கு மனசு வரும்? முறையாக எடுத்து வைத்தால் மறுநாள் அதை வைத்து முதல்நாளைவிட ருசியாகச் செய்யலாம். முதலில் எடுத்து வைக்கிற முறை, அப்புறம் பலகாரம்.

முதல் விஷயம், நேரம். சமைத்த கறி வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அதனால் பந்தி முடிகிற வரைக்கும் காத்திருக்காதீர்கள். குழம்பு இறக்கினதுமே, இது நாளைக்கு என்று தனியாக எடுத்துவிடுங்கள். சாப்பிட்ட கையும் எச்சில் கரண்டியும் அதில் படாது.

இரண்டாவது, பாத்திரம். பெரிய சட்டியோடு அப்படியே வைத்தால் நடுவில் சூடு இறங்கவே இறங்காது. அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு அதுக்குள்ளே வையுங்கள். அரை மணி நேரத்தில் ஆறிவிடும். மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். "நல்லா ஆறட்டும், காலையில வைக்கலாம்" என்று விடுகிறோமே, கெடுவது அந்த நேரத்தில்தான்.

மூன்றாவது, ஃபிரிட்ஜில் இடம். பச்சைக்கறி கீழ்த்தட்டில், சமைத்தது மேல்தட்டில். பச்சைக்கறித் தண்ணீர் ஒரு சொட்டு சமைத்ததில் விழுந்தாலும் வேலை கெட்டது. சமைத்த கறியை மூன்று நாளைக்குள் முடித்துவிடுங்கள். கரண்ட் போனால் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியே வைத்திருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும்.

நான்காவது, சூடு. வேண்டிய அளவை மட்டும் வெளியே எடுத்து, தளதளவென்று கொதிக்க விடுங்கள். ஓரத்தில் கொதித்தால் போதாது, நடுவிலும் கொதிக்க வேண்டும். ஒரு தடவை சூடு பண்ணினதைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள். இன்னொன்று, கெட்டுப்போன சாப்பாட்டைக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். சில கிருமி விட்டுப்போன விஷம் கொதித்தாலும் சாகாது. சோற்றில் அது அதிகம். வெறும் சோறு என்றால் அன்றைக்கே தண்ணீர் ஊற்றிப் பழையது ஆக்கலாம். பிரியாணியை அப்படிச் செய்ய முடியாது. அதனால் பிரியாணியை வெளியில் வைத்து மறுநாள் சாப்பிடவே கூடாது.

"எங்க அப்பத்தா சுண்டக்கறி வச்சு மூணு நாள் சாப்பிட்டாங்களே, அவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பீர்கள். என் அப்பத்தாவும் வைத்தாள். ஆனால் அவள் வைத்தது விறகு அடுப்பில். ராத்திரி முழுக்கச் சட்டி தணல் மேலேயே இருக்கும். கை வைத்தால் சுடும். காலையிலும் சாயங்காலமும் கொதித்துக் கொதித்துத் தண்ணீர் சுண்டிவிடும். நம் கேஸ் அடுப்பை அணைத்தால் பத்து நிமிஷத்தில் பர்னர் ஜில்லென்று ஆகிவிடுகிறது. சட்டி அதே சட்டி, அடுப்பு வேறு. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், அளவாகச் சமைத்து, மிஞ்சினால் அன்றைக்கு ராத்திரியே அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவதுதான் நல்லது. பச்சைக்கறி அதிகமாக வாங்கிவிட்டீர்கள், நல்ல வெயிலும் இருக்கிறது என்றால், மெல்லிசாக நறுக்கி உப்பு, மஞ்சள், மிளகாய், பூண்டு அரைத்துப் பூசி, கயிற்றில் கோர்த்துக் காயவைத்து உப்புக்கண்டம் போடலாம். மழை மூட்டத்தில் அதுவும் வேண்டாம். குழம்பில் வெந்த கறியை உப்புக்கண்டம் போட முடியாது.

இப்போது பலகாரம். எல்லாமே முறையாக எடுத்து வைத்த கறியில்தான்.

கோலா உருண்டை: எலும்பு நீக்கின கறி கால் கிலோவை வாணலியில் போட்டு ஈரம் போகிற வரை வதக்குங்கள். ஆறினதும் சின்ன வெங்காயம் பத்து, பச்சை மிளகாய் இரண்டு, சோம்பு ஒரு டீஸ்பூன், தேங்காய்த் துருவல் இரண்டு ஸ்பூன் சேர்த்துத் தண்ணீர் விடாமல் அரையுங்கள். பொட்டுக்கடலை மாவு இரண்டு கைப்பிடி போட்டுப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மிதமான தீயில் பொரித்தெடுங்கள். எண்ணெயில் பிரிந்தால் இன்னும் ஒரு ஸ்பூன் மாவு சேருங்கள். கறியில் ஏற்கெனவே உப்பு இருக்கும், அதனால் ருசி பார்த்துவிட்டுக் கடைசியில் போடுங்கள்.

கறி தோசை: குழம்புக் கறியைப் பொடியாக நறுக்கி, வெங்காயம், மிளகுத்தூள் போட்டுச் சுருள வதக்குங்கள். தோசையைக் கனமாக ஊற்றி, மேலே ஒரு முட்டையைப் பரப்பி, கறியைத் தூவித் திருப்பிப் போடுங்கள். ஒரு கைப்பிடிக் கறியில் மூன்று தோசை வரும்.

பிச்சுப்போட்ட கோழி: கோழி மிஞ்சினால் நாராகப் பிய்த்து, சோம்பு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய், நிறையச் சின்ன வெங்காயம் தாளித்து அதில் பிரட்டுங்கள். ரசச் சோற்றுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கொத்து இட்லி: மிஞ்சின இட்லியை உதிர்த்து, வெங்காயம் தக்காளி வதக்கி, முட்டை ஊற்றி, இரண்டு கரண்டி கறிக்குழம்பு விட்டுக் கொத்துங்கள். பிள்ளைகளிடம் இது நேற்றைய இட்லி என்று சொல்லாவிட்டால் தெரியாது.

எலும்பு ரசம்: தட்டில் கடித்த எலும்பு இல்லை, சட்டியிலேயே நின்ற எலும்பு. நான்கு டம்ளர் தண்ணீர், ஒரு தக்காளி, தட்டின மிளகு, சீரகம் ஒவ்வொரு ஸ்பூன், நசுக்கின பூண்டு ஆறு பல், மஞ்சள் போட்டு குக்கரில் ஐந்து விசில் விடுங்கள். கொத்தமல்லி தூவி இறக்குங்கள். சளிக்கும் இதமாக இருக்கும்.

இவ்வளவும் சொன்னேன். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் யோசித்தது வேறு. அந்த வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். பழசைச் சாப்பிட்டது ஏன் நான் மட்டும்? யாரும் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. "அது பழசு, உங்களுக்கு வேண்டாம், நான் சாப்பிட்டுக்கிறேன்"னு நானே சொன்னேன். பிள்ளைக்கு ஆகாதது என் வயிற்றுக்கு மட்டும் எப்படி ஆகும்? என் அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டாள். இங்கே உட்கார்ந்திருக்கிற நம்மில் பாதிப் பேராவது முதல்நாள் சூடான கறியைச் சாப்பிடாமல், மறுநாள் சட்டி வழித்துச் சாப்பிடுகிற ஆட்கள்தான். சிரிக்காதீர்கள், கையைத் தூக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு விஷயத்தை மாற்றியிருக்கிறேன். ஒன்று, அளவு. ஐந்து பேருக்கு ஒரு கிலோதான் எடுக்கிறோம். மிச்சமாகிற பணம் அந்த மாதச் சந்தாவுக்குப் போகிறது. இரண்டு, தீபாவளி அன்றைக்கு எல்லாரோடும் சேர்ந்து நானும் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுகிறேன். மறுநாள் கோலா உருண்டை செய்தால் ஆளுக்கு மூன்று, எனக்கும் மூன்று. சந்தேகப்படுகிற சாப்பாடு யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. முதல் வருஷம் என் மாமியார் ஒரு மாதிரி பார்த்தார். போன வருஷம் அவரே என் தட்டில் ஒரு நல்ல துண்டு எடுத்து வைத்தார்.

வருகிற தீபாவளிக்கு இதை உங்கள் வீட்டில் செய்து பாருங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் யார் யார் சூடாகச் சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்பேன். பொய் சொல்லக்கூடாது.