பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் நகரபிதாவும் நாங்களும்

(ஹம்பேர்க்கில் நடைபெற்ற சித்திரைப் புத்தாண்டு விழாவில் தாய் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கத்தினர் என்னைப் பேசக் கேட்டபோது முதலில் நான் மறுத்துவிட்டேன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. செயலாளர் தம்பி விடவில்லை. "அக்கா, நீங்கள் பெற்றோர் கூட்டத்திலை கதைக்கிறதை இங்கை வந்து கதையுங்கோ, அது காணும்" என்றார். ஆகவே பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன். பிள்ளைகள் சலங்கை கட்டிக்கொண்டு பின்னால் நிற்கிறார்கள் என்பது தெரியும். நீட்ட மாட்டேன்.

முதலில் நான் விட்ட ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

1986 ஆம் ஆண்டு கிழக்கு பேர்லின் வழியாக நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தோம். அடுத்த வருடம் ஹம்பேர்க்கில் மகள் பிறந்தாள். 1997 இல் அவள் நாலாம் வகுப்பு. எங்கட ஊரில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை எப்படியோ, இங்கே நாலாம் வகுப்பு முடிவு அப்படி. பத்து வயதில் பிள்ளைகளைப் பிரித்து ஒருவரைக் கிம்னாசியத்துக்கும், ஒருவரை றியால்சூலவுக்கும், ஒருவரை ஹவுப்ட்சூலவுக்கும் அனுப்பினார்கள். கிம்னாசியம் போனால் பல்கலைக்கழகம் வரை நேர்வழி. ஹவுப்ட்சூல போனால் சுற்றுவழி.

இவர் பின்னேரம் றெஸ்ரோறன்ற் வேலைக்குப் போய்விடுவார். ஆகவே ரீச்சர் கூப்பிட்டபோது நான்தான் போனேன். அந்த நாளில் எனக்குத் தெரிந்த டொச் கடையில் சாமான் வாங்கத்தான் காணும். எனக்கு மொழிபெயர்ப்பாளர் யார்? மகள்தான். பத்து வயதுப் பிள்ளை தன்னைப் பற்றி ரீச்சர் சொல்லுகிறதைத் தானே தாய்க்கு மொழிபெயர்த்தால் எப்படியிருக்கும்? உங்களுக்குச் சிரிப்பு வருகிறது, உங்கட வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும். "அம்மா, ரீச்சர் சொல்லுறா நான் நல்ல பிள்ளையாம்" என்றாள். அவ்வளவுதான் மொழிபெயர்ப்பு.

ரீச்சர் ஒரு தாளை நீட்டினார். விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். அந்த இடத்தில் நான் புள்ளடி போட்டேன். கீழே கையெழுத்தும் வைத்தேன். "டாங்க, டாங்க" என்று நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன். நான் புள்ளடி போட்ட இடம் ஹவுப்ட்சூல.

மூன்று வருடம் கழித்து, பக்கத்து வீட்டு ஜேர்மன் அம்மா ஒருவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். பள்ளிக்கூடம் சொல்லுவது ஆலோசனை மாத்திரம், எங்கே அனுப்புவது என்று தெரிவு செய்யும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது, அந்தத் தாள் அதற்காகத்தான் என்றார். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அந்த ரீச்சரில் நான் முழுப் பழியையும் போடவில்லை. அவர் நல்லதென்று நினைத்ததைச் சொன்னார். கேள்வி கேட்க வேண்டியவள் நான். எங்கட ஊரில் அதிபர் சொன்னால் அதுதான் முடிவு. அதற்கு மேலே போவதென்றால் எம்.பி.யிடம் ஒரு கடிதம் வாங்கவேண்டும். பள்ளிக்கூட விசயத்தில் பெற்றோருக்கு ஒரு வாய் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மகள் சுற்றுவழியால்தான் வந்தாள். வேலை செய்துகொண்டு, இரவுப் பள்ளிக்கூடம் போய், மற்றப் பிள்ளைகள் பத்தொன்பது வயதில் எடுத்த அபிற்றூரை இருபத்தைந்து வயதில் எடுத்தாள். என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குக் கூடக் கஷ்டம்.

இனி, இந்த ஹம்பேர்க் நகரத்தில் 2010 இல் நடந்ததற்கு வருகிறேன். பலருக்கு நினைவிருக்கும். இளையவர்களுக்குத் தெரியாது.

எங்கட ஊரில் நகரபிதா என்றால் வீதி விளக்கு, குப்பை, சந்தை, வாசிகசாலை. ஜேர்மனியிலும் பெரும்பாலான ஊர்களில் நகரபிதாவுக்குப் பள்ளிக்கூடத்தில் உள்ள அதிகாரம் கொஞ்சம்தான். கல்வி மாநிலத்தின் பொறுப்பு. டோட்முண்டிலும் ஸ்ருட்காட்டிலும் இருக்கிற எங்கட உறவுகள் கவனியுங்கள்: உங்கட இடத்தில் கட்டிடம், திருத்த வேலை போன்றவை நகரசபையின் கையில், பாடத்திட்டமும் ஆசிரியர்களும் மாநிலத்தின் கையில். ஹம்பேர்க் அப்படியல்ல. பேர்லினைப் போல இங்கு நகரமும் மாநிலமும் ஒன்று. ஆகவே இங்கு நகரபிதா ஒரு முதலமைச்சர் மாதிரி. அவருடைய கை பள்ளிக்கூட வாசல் வரை நீளும்.

அப்போது நகரபிதாவாக இருந்தவர் ஓல ஃபொன் பொய்ஸ்ட். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரர், 2001 முதல் பதவியில் இருந்தவர். 2008 இல் பசுமைக் கட்சியோடு கூட்டுச் சேர்ந்து ஆட்சி அமைத்தார். பசுமைக் கட்சியின் கல்வி அமைச்சர் கிறிஸ்ரா கோட்ஷ் ஒரு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகளை நாலாம் வகுப்போடு பிரிக்காமல், ஆறாம் வகுப்புவரை ஒன்றாகப் படிக்க விடுவது என்பதே அது. பேர்லினில் ஆரம்பப் பள்ளி ஆறு வருடம்தான். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்கு அந்த இரண்டு வருடம் எவ்வளவு பெரியது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் பெற்றோரில் ஒரு பகுதியினர் கொதித்தெழுந்தார்கள். வால்ற்றர் ஷொயர்ல் என்ற சட்டத்தரணியின் தலைமையில் கையெழுத்துச் சேர்த்தார்கள். 2009 இன் கடைசிப் பகுதியில் மூன்று கிழமைக்குள் சுமார் 1,84,500 கையெழுத்துக்கள். அது தேவையானதைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அவர்கள் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. முதல் திட்டத்தில், எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரிவு செய்யும் உரிமையைப் பெற்றோரிடமிருந்து எடுக்கப் பார்த்தார்கள். அந்த உரிமையை அறியாமல் இழந்தவள் நான். ஆகவே அது எனக்கும் சுட்டது. எதிர்ப்பு வலுத்தபிறகு அரசாங்கம் அந்த உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. 2010 மார்ச்சில் சமூக ஜனநாயகக் கட்சியும் இடதுசாரிக் கட்சியும்கூடச் சேர்ந்து, சட்டசபையில் இருந்த நான்கு கட்சிகளும் திட்டத்தை ஆதரித்தன. நகரபிதா தனது சொந்தச் செல்வாக்கையே பந்தயம் வைத்து வாக்குக் கேட்டார்.

2010 யூலை 18 ஞாயிற்றுக்கிழமை மக்கள் வாக்கெடுப்பு. முடிவு அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தும் வாக்கெடுப்பு. நகரபிதா தோற்றார். ஆறு வருட ஆரம்பப் பள்ளி விழுந்தது. எதிர்த்தவர்களின் பக்கம் விழுந்த வாக்கு சுமார் 2,76,000. முடிவு வருமுன்னரே, அதே நாளில், அவர் பதவி விலகப்போவதாக அறிவித்துவிட்டார். ஒரு நகரபிதா, நான்கு கட்சிகள், ஒரு கல்வி அமைச்சர், இத்தனை பேரையும் ஒன்றாகச் சேர்ந்த பெற்றோர் தோற்கடித்தார்கள்.

ஆனால் எந்தப் பெற்றோர்? இதைத்தான் நான் சொல்ல வந்தேன். வாக்களிக்க உரிமை உள்ளவர்களில் 39 வீதமானவர்களே வாக்களித்தார்கள். எல்பை ஆற்றங்கரையில் வசதியான சனம் இருக்கிற பகுதிகளில் வாக்களித்தவர்கள் கூட. எங்களைப் போன்றவர்கள் இருக்கிற பில்ஸ்ரெட் பக்கத்தில் குறைவு. அதற்கும் மேலே, இந்த நாட்டுக் குடியுரிமை இல்லாத தாய் தகப்பனுக்கு வாக்கே இல்லை. யாருடைய பிள்ளைக்கு அந்த இரண்டு வருடம் கூடத் தேவையோ, அந்தப் பெற்றோரில் பெரும் பகுதியிடம் யாரும் கேட்கவில்லை.

இது புதிதல்ல. 1989 இல் ஹம்பேர்க் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எட்டு வருடம் இங்கு சட்டப்படி வாழ்ந்த வெளிநாட்டவர் மாவட்டச் சபைத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்பது அந்தச் சட்டம். 1990 ஒக்டோபர் 31 ஆம் திகதி அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. திறந்த கதவு நாங்கள் உள்ளே போகமுன்னரே மூடிக்கொண்டது.

எங்கட வீட்டில் அன்று என்ன நடந்தது? வாக்கெடுப்புத் தபால் மகளுக்கு வந்தது. அவள் குடியுரிமை எடுத்திருந்தாள். எனக்கும் இவருக்கும் அகதிகளுக்குக் கொடுக்கிற நீலப் பாஸ்போட், ஆகவே எங்களுக்குத் தபால் இல்லை. மேசையில் அதை விரித்து வைத்து இரவு பதினொரு மணிவரை சண்டை. இவர் சொன்னார், "கெட்டிக்காரப் பிள்ளை நாலோடை கிம்னாசியம் போகட்டும், ஏன் மறிக்கிறாங்கள்?" என்று. எங்கட ஆக்களில் பலருக்கு அந்த எண்ணம்தான் இருந்தது. மகள் ஒரே ஒரு வசனம் சொன்னாள். "அப்பா, எனக்கு ஆறாம் வகுப்பிலைதான் டொச் வடிவா வந்தது." பிறகு யாரும் கதைக்கவில்லை. அவள் புள்ளடி போட்டாள். எங்கே போட்டாள் என்று நான் கேட்கவில்லை.

சிலர் இப்போது கேட்கிறார்கள், "இந்தச் சண்டை எங்களுக்கு ஏன்? நாங்களே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினால் என்ன?" என்று. இந்த நாட்டு அரசியலமைப்பின் 7 ஆவது பிரிவு தனியார் பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அரசாங்கம் அங்கீகரிக்க வேண்டும், தகப்பனின் காசைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிக்கக் கூடாது, ஆரம்பப் பள்ளி என்றால் கட்டுப்பாடு இன்னும் கூட. எங்கட சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வேறு, இது வேறு. அமெரிக்காவில் 1991 இல் மினசோட்டா மாநிலம் தொடங்கி, அரசாங்கக் காசில் தனி நிர்வாகம் நடத்துகிற சாட்டர் பள்ளிகள் வந்தன. அங்கும் நகரபிதாவோடு சண்டைதான். 2014 இல் நியூயோர்க் நகரபிதா பில் டி பிளாசியோ, மூன்று சாட்டர் பள்ளிகளுக்கு அரச கட்டிடத்தில் இடம் இல்லை என்றார். பெற்றோரும் பிள்ளைகளும் பஸ் பஸ்ஸாக மாநிலத் தலைநகர் அல்பனிக்குப் போனார்கள். மாநில ஆளுநர் அவர்கள் பக்கம் நின்றார். இடம் கொடு, இல்லாவிட்டால் வாடகை கொடு என்று மாநிலம் சட்டமே போட்டது. அவர்களுக்குப் பின்னால் பணக்காரரின் காசும் தொலைக்காட்சி விளம்பரமும் இருந்தன என்பதும் உண்மை. யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. எந்தப் பள்ளிக்கூடமானாலும், வந்து நின்றவர்களைத்தான் அரசியல்வாதி எண்ணிப் பார்க்கிறான். வீட்டில் இருந்து கவலைப்பட்டவர்களை எண்ணுவதில்லை.

ஹம்பேர்க்கில் அன்றைய முடிவு இன்றும் நிற்கிறது. ஆரம்பப் பள்ளி நாலு வருடம்தான். ஹவுப்ட்சூல, றியால்சூல என்ற பிரிவுகள் போய், ஸ்ரட்ரைல்சூல, கிம்னாசியம் என்று இரண்டு வழி வந்திருக்கிறது. இரண்டிலும் அபிற்றூர் எடுக்கலாம். பெற்றோரின் தெரிவு உரிமை இருக்கிறது. ஆறாம் வகுப்பு முடிவில் புள்ளிகள் போதாவிட்டால் கிம்னாசியத்திலிருந்து மாறவேண்டி வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது மூன்று விசயம்.

ஒன்று, பெற்றோர் கூட்டத்துக்குப் போங்கோ. வகுப்பின் பெற்றோர் பிரதிநிதியைத் தெரிவு செய்ய யாரும் உங்கட பாஸ்போட்டைக் கேட்பதில்லை. நீங்களே பிரதிநிதியாக நிற்கலாம், பெற்றோர் சபைக்கும் போகலாம். 1990 இல் நீதிமன்றம் மூடிய கதவு வேறு, இந்தக் கதவு வேறு. இது திறந்துதான் இருக்கிறது. நாங்கள்தான் போகவில்லை. நான் முதல்முறை கையை உயர்த்திக் கேள்வி கேட்டபோது என் டொச் தடுமாறியது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் என்ன?

இரண்டு, பிள்ளையை மொழிபெயர்ப்பாளராகக் கொண்டுபோக வேண்டாம். சங்கத்தில் சொல்லுங்கோ, டொச் தெரிந்த ஒருவரை உங்களோடு அனுப்புவோம். விளங்காத தாளில் அந்த இடத்திலேயே கையெழுத்து வைக்க வேண்டாம். "வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

மூன்று, குடியுரிமை எடுக்கக் கூடியவர்கள் எடுங்கோ. 2024 யூன் மாதத்திலிருந்து புதிய சட்டம். பொதுவாக ஐந்து வருடம் காணும், பழைய குடியுரிமையைக் கைவிட வேண்டியதில்லை. மற்ற நிபந்தனைகளும் உண்டு, கேட்டு அறியுங்கோ. ஊரை மறப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். அடுத்த வாக்கெடுப்பு வரும்போது, எங்கட பிள்ளைகளைப் பற்றி எங்களிடமும் கேட்கவேண்டும். அதற்காகத்தான்.

என் பேரன் இந்த வருடம் மூன்றாம் வகுப்பு. போன மாதம் பெற்றோர் கூட்டத்துக்கு மகளோடு நானும் போனேன். அவள் வாயைத் திறக்கமுன் நான் கையை உயர்த்திவிட்டேன். "அம்மா, இது என்ரை பிள்ளை" என்று காதுக்குள் சொன்னாள். உண்மைதான். ஆனால் எனக்கு இருபத்தெட்டு வருடக் கேள்வி பாக்கி இருக்கிறது.

இன்று வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கைவிசேடம் கொடுப்பீர்கள். கொடுத்துவிட்டு, அடுத்த பெற்றோர் கூட்டம் என்றைக்கு என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கோ. கேட்டு நாட்காட்டியில் எழுதி வையுங்கோ.