துயர் ஆற்றும் கதைசொல்லிகள்

(ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலாய் மொழியில் கதைசொல்லியைப் 'பெங்லிப்போர் லாரா' என்பார்கள். 'துயர் ஆற்றுபவர்' என்று பொருள். கதைசொல்லியின் வேலை என்ன என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. மலேசியாவின் பெர்லிஸ் மாநிலத்தில் 'அவாங் பாத்தில்' என்னும் கதைக்கலை உண்டு. கதைசொல்லி பித்தளைப் பாத்திரத்தை விரல்களால் தட்டித் தாளமிட்டபடியே கதையைப் பாடிச் சொல்வார்.

இரவு முழுவதும் நீளும் கதைகளை இவர்கள் வரிக்கு வரி மனப்பாடம் செய்வதில்லை. கதையின் போக்கு மனத்தில் இருக்கும். பொழுது விடிவது, இளவரசன் புறப்படுவது போன்ற இடங்களுக்கு ஓசைநயம் மிக்க தொடர்கள் கைவசம் இருக்கும். கேட்போரின் முகம் பார்த்து நீட்டுவார்கள், சுருக்குவார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பேராக் மாநிலத்தில் பாவாங் அனா என்ற கதைசொல்லி சொன்ன கதைகளை ராஜா ஹாஜி யஹ்யா எழுதி வைத்தார். அவை அச்சேறியதால் சொற்கள் பிழைத்தன. குரலும் தாளமும் ஏட்டில் ஏறவில்லை.

மலாய்க் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தவன் 'சாங் காஞ்சில்' என்னும் சருகுமான். முயல் அளவே இருப்பான். ஆனால் புலியையும் முதலையையும் அறிவால் வெல்வான். ஆற்றின் அக்கரையில் பழங்கள் கனிந்திருக்கும். "முதலைகளை எண்ணி வரும்படி மன்னர் சுலைமான் கட்டளையிட்டிருக்கிறார்" என்று சொல்லி, அவற்றை வரிசையாக நிற்க வைப்பான். ஒவ்வொன்றின் முதுகிலும் எண்ணிக்கொண்டே தாவி அக்கரை சேர்வான்.

இந்தக் கதையை ஐந்தாம் வகுப்பில் புத்தகம் இல்லாமல் சொன்னேன். முதலைகளைக் குழந்தைகளே எண்ணினார்கள். முடிந்ததும் ஒரு மாணவி, "பொய் சொன்னது தப்பில்லையா சார்?" என்றாள். வாசிக்கச் சொன்னால் தலைகுனியும் ஒரு மாணவன் எழுந்து, "நீந்திப் போனா முதலை தின்னுடுமே, அது மட்டும் சரியா?" என்றான். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. 'இக்கதையின் நீதி' என்று நான் ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால், அந்த மாணவனின் குரல் எழுந்திருக்காது.

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் வாரம் ஒரு கதையைப் புத்தகத்தை மூடிவைத்துச் சொல்லுங்கள். குழந்தைகள் சேர்ந்து சொல்ல ஒரு தொடரை விட்டுவையுங்கள். உயர்நிலை வகுப்பினர் ஒரே கதையை வீட்டுப் பெரியவர்கள் இருவரிடம் கேட்டு, வேறுபாடுகளைக் குறித்து வரட்டும். நீதியைக் கடைசியில் நாம் சொல்ல வேண்டாம், அவர்கள் பேசட்டும்.