தள்ளப்பட்ட ஏடும் நூலகத்திற்கு வேண்டும்

(சங்கரன்கோவிலில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் 7-2-1902இல் பிறந்தது இச் சங்கரன்கோவிலில். அப் பெருமகனார் ‘திரவிட மரபு தோன்றிய இடம் குமரிநாடே’ என்னும் இடுநூலை எழுதிக் கீழைமொழி முதுவர் பட்டத்திற்கு விடுத்தார். சென்னைப் பல்கலைக்கழகம் அதனை ஏற்கவில்லை. இவ் வரலாறு தமிழன்பர் பலர்க்கும் தெரியும். அதுபற்றிய சினமும் பலர்க்கு உண்டு. ஆயின், அவ் விடுநூலை ஆய்ந்தவர் எழுதிய குறிப்பு யாது, எக் கரணியம் கூறித் தள்ளினர் என்று ஒரு மாணாக்கன் இன்று கேட்டால், எந் நூலகத்தின் எப் பேழையைத் திறந்து காட்டுவது? சினத்தைச் சான்றென்று நூலகத்தில் அடுக்கிவைக்க இயலாது.

உயர்கல்வியே இன்று உலகெங்கும் தனியோர் ஆய்வுத்துறையாகிவிட்டது. பல்கலைக்கழகம் எங்ஙனம் தோன்றிற்று, எம் மொழியிற் கற்பித்தது, எவரைச் சேர்த்தது, எவரை வெளியே நிறுத்திற்று என ஆய்வது அத் துறை. நூலகங்களில் இதற்குரிய இடம், தூயியின் பதின்மப் பகுப்பில் 378ஆம் எண். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களில் அவ் வெண்ணின்கீழ் நிற்பனவற்றைப் பாருங்கள். பெரும்பாலும் ஆங்கிலம், இங்கிலாந்தும் அமெரிக்காவும் தம் கல்லூரிகளைப்பற்றி எழுதிக்கொண்டவை. அவை வேண்டா என்பதன்று. ஆனால் அவற்றோடு நின்றுவிடுவதுதான் குறை.

தமிழில் உயர்கல்விக்கு நூலில்லை என்னும் பழைய பல்லவி இன்னும் ஓயவில்லை. இல்லையா? யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் கிரீன் 1860ஆம் ஆண்டுகளில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அறுவை மருத்துவம், உடற்கூறு ஆகியவற்றிற்குத் தமிழ் நூல்களை அச்சிட்டார். (அவற்றில் வடசொல் மலிந்திருப்பது மெய்; அக் குறை வேறு, நூலே இல்லையென்பது வேறு.) நெல்லையிலிருந்து இயங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் பல துறைக்குமான கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. 1960இல் கோவை அரசு கலைக்கல்லூரியில் பட்டவகுப்பு தமிழ்வழி தொடங்கிற்று. அதற்கென இயற்பியல், வேதியியல், பொருளியல், வரலாறு எனக் கல்லூரிநிலை நூல்களைத் தமிழ் வெளியீட்டுக் கழகமும், பின்னர்த் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் வரிசை வரிசையாக வெளியிட்டன.

இவை எங்கே? இங்குத்தான் பகுப்புமுறையின் சூழல் ஒன்று உள்ளது. தமிழில் எழுதிய பட்டவகுப்பு இயற்பியல் நூல் 530க்குப் போய்விடும், பொருளியல் 330க்கு, கலைச்சொல்லகராதி வேறோரிடத்திற்கு. பொருள்வழிப் பகுப்பில் அது பிழையன்று. ஆயின், 378ஆம் எண்ணிற்கு வந்து ‘தமிழ்வழி உயர்கல்வி’ என்று தேடுபவன் கண்ணிற்கு ஒன்றும் படாது. இருப்பது இல்லாததாகிவிடும். சீர்காழியிற் பிறந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்நெறிகளுள் ஒன்று, ஒவ்வொரு நூலும் தனக்குரிய படிப்பாளனை அடையவேண்டும் என்பது. தமிழ்வழிப் பாடநூல்களைப் பொறுத்தவரை அந் நெறி தமிழ்நாட்டிலேயே நிறைவேறவில்லை. நூலை இடம்பெயர்க்க வேண்டா. நூற்பட்டியில் மற்றொரு பதிவு போட்டு, ‘தமிழ்வழி உயர்கல்வி’ என்னுந் தலைப்பின்கீழ் அனைத்தையும் ஒருங்கு காட்டினாற் போதும். ஒரு நூலகர்க்குச் சில திங்கள் வேலை.

இனி, அச்சுநூல்களினும் அரியவை தாள்கள். பல்கலைக்கழகச் சட்டங்கள், ஆட்சிக்குழு நடவடிக்கைக் குறிப்புகள், பட்டமளிப்பு உரைகள், பழைய பாடத்திட்டங்கள், வினாத்தாள்கள், கல்லூரி ஆண்டுமலர்கள். 1948-49இல் இராதாகிருட்டிணன் குழுவும், 1964-66இல் கோத்தாரிக் குழுவும், பல்கலைக்கழகப் பயிற்றுமொழி வட்டாரமொழியாதல் வேண்டுமென்றே பரிந்துரைத்தன. அவ் வறிக்கைகள் எங்கும் கிடைக்கும். அப் பரிந்துரையைத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் எங்ஙனம் பேசின, எவர் மறுத்தனர், எவர் வழிமொழிந்தனர் என்பது அந் நடவடிக்கைத் தாள்களில்தான் கிடைக்கும். பாடத்திட்டம் மாறியவுடன் பழைய நூல்கள் எடைக்குப் போகும் நாட்டில், தாள்களின் கதியைச் சொல்லவா வேண்டும்! பணி ஓய்வுபெற்ற பேராசிரியர்களின் வீட்டுப் பரண்களே இன்று இவற்றிற்குப் புகலிடம். அவர்கள் இருக்கும்போதே சென்று கேட்டுவாங்குதல் வேண்டும். கொடுத்தவர் பெயரையும் நாளையும் பதிவேட்டிலெழுதி ஒப்பமிட்டு வாங்கினால், மனமுவந்து கொடுப்பர்.

ஒரே படியோடு நின்றுவிடலும் ஆகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதவை மீண்டும் வரவில்லை. மின்படி எடுத்து ஈரிடத்தில் வைப்பது இன்று பெருஞ்செலவுமன்று.

இப் பணிக்குரிய இடம் தொலைவில் இல்லை. 1990இல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நெல்லையில் இருக்கிறது; தமிழ்ப் புலவர் ஒருவர் பெயரையே தாங்கியிருக்கிறது. அதன் நூலகத்தில் இத் தொகுதிக்கென ஓர் அறை கேட்டு, இவ் வட்டாரக் கல்லூரி ஆசிரியர்களும் தமிழமைப்புகளும் விண்ணப்பம் விடுத்தல் வேண்டும். பட்டம் பெற்ற ஆய்வேடுகளை மட்டும் அங்கு அடுக்கினால் பாதி வரலாறே இருக்கும். தள்ளப்பட்டவையும், தள்ளியவர் குறிப்பும் கிடைக்குமளவு அவற்றோடு வைக்கப்படுதல் வேண்டும். பாவாணரின் இடுநூற் செய்தியை முதற்கண் தேடுக. நூற்பட்டியின் படியொன்று சங்கரன்கோவில் நூலகத்திற்கும் வந்துசேரட்டும். இவ்வூர் மாணாக்கன் நெல்லைக்குப் பேருந்தேறுமுன், அங்கு என்ன இருக்கிறது என்பதை இங்கேயே பார்த்தறிந்து செல்வான்.